மானுக்குப் பிணை

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் எழுவான்கரையில் காத்தான்குடியும் ஆரையம்பதியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஓர் ஊர் எங்கே முடிகிறது, மற்ற ஊர் எங்கே தொடங்குகிறது என்பதை வெளியூரார் எவரும் இலகுவிற் சொல்லிவிட முடியாது. ஆயினும் காலை ஏழு மணிக்குப் பிள்ளைகள் வீதிக்கு வரும்போது எல்லை துலக்கமாகத் தெரியும். ஒரு சாரார் ஒரு திசையிலும் மறு சாரார் எதிர்த்திசையிலும் செல்வர். அவர்கள் பைகளில் இருக்கும் தமிழ்ப் பாடநூல் மட்டும் ஒன்றே. பத்தரமுல்லையில் உள்ள கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அச்சிட்டனுப்பும் அந்நூல் தமிழ்ப் பாடசாலைக்கு ஒன்று, முஸ்லிம் பாடசாலைக்கு வேறொன்று என்று இருப்பதில்லை. ஒரே செய்யுள், ஒரே அருஞ்சொற்பொருள், ஒரே வினாக்கள்.

செய்யுள் ஒன்றாயினும் கற்பிக்கப்படும் முறை ஒன்றாக இல்லை என்பதே இக்கட்டுரையின் முறைப்பாடு. தமிழாசிரியனாகப் பல்லாண்டு கழித்தவன் என்ற முறையில், அம்முறைப்பாட்டில் என் பங்கையும் சேர்த்தே எழுதுகிறேன்.

உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' பள்ளிப் பாடங்களுக்கு மிகவும் உகந்த பகுதியாகத் தலைமுறைகளாகக் கருதப்பட்டு வருவது. கதை எளிது. வேடனொருவன் பெண்மானைப் பிடித்துக் கட்டிவைத்திருக்கிறான். அவ்வழியே வந்த நபிகள் நாயகத்திடம் அம்மான் முறையிடுகிறது: பால் குடிக்கும் கன்று பசித்துக் கிடக்கிறது, பாலூட்டிவிட்டுத் திரும்பி வருகிறேன் என்கிறது. நாயகம் அதற்குப் பிணை நிற்கிறார். வேடன் நகைக்கிறான், காட்டு விலங்கு மீண்டு வருமா என்று கேட்கிறான். மான் போகிறது, பாலூட்டுகிறது. சொன்ன சொல்லைக் காக்கத் தன் கன்றையும் உடனழைத்துக்கொண்டு திரும்பி வருகிறது. வேடன் மனம் உடைந்து கலிமாச் சொல்லி இஸ்லாத்தில் இணைகிறான். மான் விடுதலை பெறுகிறது.

நம்மவர் பாடசாலைகளில் இப்பாடம் நடக்கும் விதத்தை நான் பலமுறை கண்டிருக்கிறேன். தாய்ப்பாசம் என்ற தலைப்பில் ஆசிரியர் உருகுவார். ஜீவகாருண்யம் என்பார். சொன்ன சொல் தவறாமை என்பார். அரிச்சந்திரனை எடுத்துக்காட்டுவாரும் உண்டு. வேடன் என்ன ஆனான் என்ற இடம் வந்ததும் குரல் தாழும். 'வேடன் மனந்திருந்தினான்' என்ற இரண்டு சொற்களோடு பக்கம் புரளும். கலிமா என்றால் என்ன, வேடன் எதை ஏற்றுக்கொண்டான், உமறு ஏன் அதைக் கதையின் முடிவாக வைத்தார் என்னும் வினாக்கள் எழமாட்டா. எழுப்பும் மாணாக்கனுக்கு, 'அது அவங்கட மார்க்கம், நமக்குப் பாட்டுத்தான் தேவை' என்ற விடை கிடைக்கும்.

இதனை மரியாதை என்று ஆசிரியர் நம்புகிறார். பிறர் சமயத்தைத் தொட்டுப் பேசிப் பிழை ஏதும் வந்துவிடக் கூடாதே என்ற அச்சமும் அதில் உண்டு. அந்த அச்சம் முற்றிலும் காரணமற்றதன்று. ஆயினும் இலக்கிய விமரிசனத்தின் கண்கொண்டு பார்க்குமிடத்து இது கவிதையின் உயிர்நிலையை அறுத்தெடுக்கும் செயலாகும். 'பிணை' என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். பெண்மானுக்கும் பிணை என்று பெயர். ஒருவருக்காக மற்றொருவர் ஏற்கும் உத்தரவாதத்துக்கும் பிணை என்று பெயர். படலத்தின் பெயரே இந்தச் சிலேடையின் மேல் நிற்கிறது. பிணைக்குப் பிணை நின்றவரின் வாக்கை விலங்கு மெய்யாக்கியது. அதுவரை எவர் வாக்கையும் நம்பாத வேடன் இப்போது ஒரு வாக்கைத் தானே மொழிகிறான். கலிமா என்பது அவ்வாக்கு. மான் கொடுத்த வாக்கும் வேடன் சொன்ன வாக்கும் கதையில் ஒன்றுக்கொன்று எதிரொலி. இரண்டாவதைக் கழித்துவிட்டால் எஞ்சுவது விலங்கபிமானச் சங்கத்தின் துண்டுப்பிரசுரம்.

மறுபக்கமும் இவ்வாறே. கம்பனின் குகப்படலம் முஸ்லிம் பாடசாலையில் நடக்கும்போது இராமனின் தெய்வீகம் பற்றிய அடிகள் விரைவாகக் கடந்துபோகின்றன; நட்பு என்ற சொல்லில் எல்லாம் அடங்கிவிடுகிறது. 'அது அவங்கட கதை' என்ற வாக்கியம் அங்கும் உண்டு. வீதியின் இரு புறத்திலும் ஒரே வாக்கியம் ஒரே தொனியிற் சொல்லப்படுகிறது. நம் இரு சமூகங்களும் இவ்வளவு பொருத்தமாக உடன்படும் விடயம் வேறொன்றில்லை!

இதனை ஏதோ ஒரு செய்யுளின் விதி என்று தள்ளிவிட முடியாமைக்குக் காரணம் நமது கல்விமுறையின் அமைப்பாகும். இலங்கைப் பாடசாலைகளிற் சமயம் கட்டாய பாடம். சைவப் பிள்ளை சைவத்தையும், முஸ்லிம் பிள்ளை இஸ்லாத்தையும், கத்தோலிக்கப் பிள்ளை கத்தோலிக்கத்தையும் பயில்வர். சமய பாடவேளை வந்ததும் வகுப்புப் பிரிந்து வெவ்வேறு அறைகளுக்குச் செல்லும். கலப்பே இல்லாத பாடசாலையிற் பிரிவதற்கும் தேவையில்லை. பிறர் மதத்தைத் திணித்த காலனித்துவக் காலக் கொடுமைக்கு மாற்றாக வந்த ஏற்பாடு இது. அந்த அளவில் நியாயமானது. ஆனால் இதன் விளைவு யாது? பதினொரு ஆண்டுகள் பள்ளியிற் பயின்ற ஆரையம்பதிப் பிள்ளை, அடுத்த வீதியிலுள்ளார் ஐந்து வேளை எதற்காகத் தொழுகின்றனர் என்பதைப் பாடசாலையில் ஒருநாளும் கேட்கமாட்டாள். காத்தான்குடிப் பிள்ளைக்குக் கண்ணகியம்மன் சடங்கில் ஏன் குளிர்த்தி பாடுகின்றனர் என்பது தெரியாது. ஒருவர் நம்பிக்கையை மற்றவர் சந்திக்க எஞ்சியிருக்கும் ஒரே இடம் தமிழ் இலக்கிய வகுப்பு. அங்கே சீறா உண்டு, கம்பன் உண்டு, தேம்பாவணி உண்டு. அந்த ஒற்றைச் சாளரத்தையும் ஆசிரியர் நாகரிகம் கருதி மூடிவிடுகிறார்.

இந்தச் சாளரம் இவ்வளவு சிறுத்துப்போன வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். மட்டக்களப்பில் நவீனக் கல்வி 1814இல் வந்திறங்கிய மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்டுடன் தொடங்குகிறது. வந்த மறு ஆண்டே அவர் மாண்டார். ஆனால் பள்ளிகள் பெருகின. வேதபாடத்தை விரும்பாத பெற்றோரின் பிள்ளைகளை அதனின்றும் விலக்கலாம் என்ற விதி பின்னர் ஏட்டில் ஏறியது. ஏட்டில் உள்ளதைக் கேட்கும் துணிவு ஏழை விவசாயிக்கு எங்கிருந்து வரும்? காரைதீவில் 1892இல் மயில்வாகனனாகப் பிறந்த விபுலானந்த அடிகள் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு அர்ச். மைக்கேல் கல்லூரியிலும் பயின்று, பின் அக்கத்தோலிக்கக் கல்லூரியிலேயே ஆசிரியராகவும் இருந்தவர். வேற்றுமதப் பள்ளியில் பிற மதத்துப் பிள்ளையாக இருப்பது எத்தகையது என்பதை அவர் ஏட்டிற் படித்தறியவில்லை. இராமகிருஷ்ண மிஷன் துறவியாகி 1929இல் கல்லடி உப்போடையில் அவர் தொடங்கிய சிவானந்த வித்தியாலயத்தில் முஸ்லிம் மாணாக்கரும் பயின்றனர். இறைவனுக்குகந்த மலர் எது என வினவி, உள்ளமும் கூப்பிய கையும் நோக்கும் விழியுமே என்று விடை கூறும் அவரது பாடல் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடமாயிற்று. கொன்றை மலர் அதில் வருவதைக் கண்டு சிவனை நினைப்பார் நினைக்கலாம். தெய்வத்தின் பெயரை அடிகள் வெளிப்படக் கூறவில்லை. மதம் மாறச் சொல்லும் பள்ளியிற் பயின்றவர், மதம் மாறச் சொல்லாத பள்ளியை அமைத்தார் என்பதை விமரிசகர் போதிய அளவு கவனிக்கவில்லை.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்கள் உதவிபெறும் பாடசாலைகளை அரசின் கையில் ஒப்படைத்தன. மிஷனரிமாரின் பிடி தளர்ந்தது. முற்போக்காளர் அதனை வரவேற்றது சரியே. அக்காலத்திலும் பின்னர் 1970 முதல் 1977 வரையும் கல்வி அமைச்சராயிருந்த பதியுதீன் மஹ்மூதின் காலத்தில் முஸ்லிம் பாடசாலைகள் தனி வகையாக வேரூன்றின. நோன்பு மாதத்துக்கேற்ற விடுமுறை, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கேற்ற நேரசூசி, பெண்பிள்ளைகளைத் தயக்கமின்றி அனுப்பப் பெற்றோருக்கு ஒரு நம்பிக்கை ஆகியன கிடைத்தன. இதைப் பிரிவினை என்று இகழ்வோர், இப்பாடசாலைகள் இல்லையேல் எத்தனை முஸ்லிம் பெண்கள் வீட்டோடு நின்றிருப்பர் என்பதை முதலில் எண்ண வேண்டும். தவிரவும், பாடசாலை பிரிந்தபோதும் ஆசிரியர் பிரியவில்லை. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் தமிழாசிரியர் பலர் பணியாற்றினர். முஸ்லிம் ஆசிரியர் தமிழ் ஊர்களிற் கற்பித்தனர். தாய்வழிக் குடிமுறையை இரு சமூகமும் ஒருங்கே பேணும் பிரதேசம் இது. 'நீ எந்தக் குடி?' என்று ஆசிரியரைக் கேட்கும் உரிமை இரு பக்கத்துக் கிழவிகளுக்கும் இருந்தது.

அது 1985 ஏப்ரற் கலவரத்தில் ஆட்டங்கண்டு 1990இல் முறிந்தது. 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் தொழுகையில் நின்றோர் நூற்றுவருக்கு மேல் சுட்டுக்கொல்லப்பட்டனர்; சின்னாட்களில் ஏறாவூரிலும் அது தொடர்ந்தது. செப்டெம்பர் 5ஆம் நாள் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 தமிழர் கொண்டுசெல்லப்பட்டு மீளவேயில்லை. 9ஆம் நாள் சத்துருக்கொண்டானில் 184 பேர் மாண்டனர். அப்பல்கலைக்கழகம் 1981இல் அமைந்தபோது எழுந்தது ஒரு மத்திய மகா வித்தியாலயத்தின் வளவிலேதான். முகாமாகிப் போன அந்த வகுப்பறைகளில் ஒருகாலத்தில் சீறாவும் கம்பனும் நடந்திருக்கும். இதன்பின் ஆசிரியர் தத்தம் ஊர்களுக்கு மாற்றம் பெற்றுச் சென்றதில் வியப்பில்லை. இன்று எழுவான்கரையில் இளம் ஆசிரியர் பலர் மற்றச் சமூகத்துப் பிள்ளை ஒருவருக்கேனும் பாடஞ்சொல்லாமலே ஓய்வு பெறுவர். அவர்களுடைய மௌனத்துக்குப் பின்னால் பிணங்கள் கிடக்கின்றன. எனவே அவர்களை எள்ளி நகையாடுவது என் நோக்கமன்று.

ஆனால் மௌனத்தால் எதுவும் ஆறவில்லை என்பதற்குச் சாட்சி வேண்டுமாயின் வடக்கே திருகோணமலையை நோக்கலாம். அங்கே ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்ததை எதிர்த்து 2018 ஏப்ரலிற் கல்லூரி வாயிலில் ஆர்ப்பாட்டம் நடந்தது. சேலையே இக்கல்லூரியின் பண்பாடு என்றனர். எதிர் ஆர்ப்பாட்டமும் எழுந்தது. ஆசிரியைகள் வேறிடம் சென்றனர். மனித உரிமைகள் ஆணைக்குழு ஆசிரியைகளின் பக்கமே நியாயம் கண்டது. 2022 பெப்ரவரியில் ஓர் ஆசிரியை திரும்பி வந்தபோது மீண்டும் கைகலப்பு. கல்லூரிக்கு ஒரு மரபு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அம்மரபைத் தொடங்கியோர் கிறிஸ்தவப் பள்ளிகளில் தம் பெண்கள் திருநீற்றை அழிக்கவேண்டி வந்த வேதனையிலிருந்து எழுந்தவர் என்பதும் உண்மை. அவ்வேதனையை அறிந்தவர்களே பிறருடைய துணியை அளக்க முற்பட்டதுதான் துயரம். வாயிலில் நின்ற பெரியோரின் கோஷங்களைக் கேட்டுக்கொண்டு உள்ளே நுழைந்த மாணவியருக்கு அன்று எந்த ஆசிரியர் என்ன சொன்னார்? பெரும்பாலும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். பாடவேளையில் மான் கதை நடந்திருந்தால் அதில் வேடன் மனந்திருந்தியிருப்பான், அவ்வளவே. மறு ஆண்டு, 2019 ஏப்ரல் 21ஆம் நாள், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடித்துவந்த சிறுவர் பலர் குண்டுக்கு இரையாயினர். குண்டுகளை ஏவிய கூட்டத்தின் தலைவன் காத்தான்குடியான். விடுமுறை கழிந்து பள்ளி திறந்தபோது இரு கரைகளிலும் பிள்ளைகளின் கண்களில் இருந்த வினாவுக்கு எந்தப் பாடநூலும் ஆசிரியரை ஆயத்தம் செய்திருக்கவில்லை.

என் பிழையையும் கூறிவிடுகிறேன். கலவரங்களுக்கு முந்திய காலம். இரு சமூகத்துப் பிள்ளைகளும் பயின்ற ஒரு பாடசாலை. கம்பனின் கடவுள் வாழ்த்தை ஒவ்வொருவராக எழுந்து ஒப்புவிக்கச் சொன்னேன். முஸ்லிம் சிறுவன் ஒருவன் எழுந்து நின்றான், வாய் திறக்கவில்லை. மனனஞ் செய்யவில்லை என்று கருதி வகுப்பு முடியும்வரை நிற்கவைத்தேன். மறுநாள் அவனுடைய தந்தை வந்தார். சண்டையிட வரவில்லை, தலையைக் குனிந்துகொண்டு, 'சேர், அவன் முழுதும் பாடமாக்கினவன். சொன்னால் வணங்கினதாகிப் போகுமோ எண்டு பயந்திட்டான்' என்றார். அச்செய்யுளைத் தெரிந்தவர்க்குத் தெரியும்: அதில் ஒரு தெய்வத்தின் பெயரும் இல்லை. படைத்துக் காத்து அழிக்கும் தலைவனிடம் அடைக்கலம் புகுவதாகவே கம்பன் பாடுகிறான். இதை நான் வகுப்பிற் சொல்லியிருந்தால் அவன் தயங்கியிருக்கமாட்டான் என்று பல ஆண்டுகள் எண்ணிக்கொண்டிருந்தேன். அதுவும் பிழை என்று பின்னரே உறைத்தது. உலகைப் படைத்தழிப்பதை விளையாட்டாகச் சொல்லும் கம்பனின் கருத்தை அவன் பள்ளிவாசலிற் கற்றது ஏற்காதிருக்கலாம். 'இதைச் சொல்வதால் நீ வணங்குவதாகாது. கம்பன் இவ்வாறு நம்பினான் என்று அறிவதாகும். வணங்குவதும் விடுவதும் உன் உரிமை' என்று சொல்லியிருக்கவேண்டும். பாடஞ்சொல்லும் வாயும் வழிபடும் வாயும் ஒன்றெனவே அன்று நான் நினைத்திருந்தேன்.

இவ்வேறுபாட்டை நம் முன்னோர் அறியாதவரல்லர். செய்குத்தம்பிப் பாவலர் சீறாவுக்கு உரை கண்டவர்; அவரே வள்ளலாரின் அருட்பாவுக்காக வாதாடியவர். நீதியரசர் மு. மு. இஸ்மாயில் கம்பனில் ஆழங்காற்பட்டவர்; அதற்காக அவர் தம் மார்க்கத்தை எவரிடமும் அடகு வைக்கவில்லை.

இனி நம் முகாமைச் சேர்ந்தவர்களிடம் ஒரு வார்த்தை. சமயத்தைக் கழித்துவிட்டு மனிதாபிமானத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் முற்போக்கு விமரிசகராகிய நமக்கும் பங்குண்டு. சீறாவில் உழவர் வாழ்வைத் தேடினோம். அறபு நாட்டில் மழை பெய்து ஆறு பெருகி நெல் விளைவதாக உமறு பாடியதைக் கண்டு, மண்ணின் மணம் என்று மகிழ்ந்தோம். அது பிழையன்று. ஆனால் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களை ஒரு மனிதன் எந்த விசுவாசத்தால் பாடினான் என்பதை 'காலத்தின் வரையறை' என்ற ஒரு தொடரால் ஒதுக்கினோம். மார்க்ஸ் மதத்தைப் பற்றிக் கூறியவற்றுள் ஒரு சொல்லை மட்டும் பற்றிக்கொண்டு, துன்புறுவோரின் பெருமூச்சாகவும் அதனை அவர் கண்டார் என்பதை மறந்தோம். நம்பிக்கையைப் பேசாது விடும் பழைமைவாதியும், பேசத் தகாதது என ஒதுக்கும் முற்போக்காளனும் வகுப்பறையில் ஒரே வேலையைச் செய்கின்றனர்.

மாற்றாக எதைச் செய்யலாம் என்று கேட்கும் இளம் ஆசிரியருக்குச் சட்டம் எதுவும் வகுக்க என்னால் இயலாது. ஒரு பாடத்தை எடுத்துக் காட்டலாம். சீறாவின் வேடனைத் தனியே நிறுத்தாமல் தமிழ்க் காப்பிய மரபின் மற்ற வேடர்களோடு நிறுத்திப் பாருங்கள். சேக்கிழாரின் திண்ணன் இறைச்சியைப் படைத்தான், கண்ணை இடந்து அப்பினான். கம்பனின் குகன் தேனும் மீனும் கொணர்ந்தான், ஓடம் விட்டான். உமறுவின் வேடன் கலிமாவை மொழிந்தான். ஒருவன் கண்ணைக் கொடுத்தான், ஒருவன் ஓடத்தைக் கொடுத்தான், ஒருவன் வாக்கைக் கொடுத்தான். மூவரும் ஊருக்கு வெளியே நின்றவர். மூவரையும் கவிஞர் தத்தம் உலகின் உள்ளே அழைக்கின்றனர். திண்ணனின் இறைச்சியைக் கண்டு அருவருத்த சிவகோசரியாரின் முகத்தைச் சைவ ஆசிரியர் தயங்காமல் வருணிப்பார். அன்புக்கு ஆசாரம் இல்லை என்பார். அவ்வளவு விளங்கிய ஆசிரியருக்குக் கலிமா மட்டும் ஏன் விளங்காமற் போகவேண்டும்? மூன்றையும் ஒன்றென்று சொல்லத் தேவையில்லை, அவை ஒன்றல்ல. திண்ணன் முத்தியடைகிறான், குகன் தம்பியாகிறான், உமறுவின் வேடன் ஒரு சமுதாயத்தில் உறுப்பினனாகிறான். குகன் தம்பியான பின்னும் ஓடக்காரனாகவே இருந்தான் என்பதையும் கேட்கலாம். முஸ்லிம் மாணாக்கன் அக்கேள்வியைக் கேட்டால் அதை அவமதிப்பாகக் கொள்ளாதிருக்கும் பழக்கமும் வேண்டும். அவ்வாறே, மதம் மாறாவிட்டால் அவ்வேடனுக்கு இடமில்லையா என்று சைவ மாணாக்கி கேட்பாள். கேட்கட்டும். வகுப்பில் ஒரே ஒரு முஸ்லிம் பிள்ளையோ ஒரே ஒரு சைவப் பிள்ளையோ இருந்தால், விடை சொல்லும் பாரத்தை அப்பிள்ளையின் தலையில் மட்டும் வைத்துவிடக் கூடாது. அது ஆசிரியர் படித்துவந்து சொல்லவேண்டியது.

வடக்கே வாகரைக் கரையோரத்துக் கிராமங்களில் வேட மரபினர் இன்றும் வாழ்கின்றனர். அவர்கள் பேசுவது தமிழ். பிள்ளைகள் பயில்வது நம் தமிழ்ப் பாடசாலைகளில். காட்டுத் தெய்வங்களுக்கும் முன்னோர்க்கும் அவர்கள் செய்யும் சடங்குகளுக்கு எந்தச் சமய பாடநூலிலும் தனி இடமில்லை. பிள்ளைகள் பெரும்பாலும் சைவ பாடத்திலோ கிறிஸ்தவ பாடத்திலோ அமர்த்தப்படுகின்றனர். திண்ணனையும் குகனையும் உமறுவின் வேடனையும் பற்றி அங்கே பாடம் நடக்கும்போது, மூன்று கதையிலும் மாறவேண்டியவன் வேடன் ஒருவனே என்பதைப் பின்வரிசையில் இருந்து கவனிக்கும் பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். அப்பிள்ளை என்ன நினைக்கிறது என்பதைச் சைவ ஆசிரியரும் கேட்டதில்லை, முஸ்லிம் ஆசிரியரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.